தொடுவாய் நிலவரம்

கொக்கிளாய்க் களப்பின் வடகரையில் பயணிகள் தங்க நாலு அறைகளோடு ஒரு வாடிவீடு இருந்தது. அதன் காப்பாளர் கனகலிங்கம். வடமராட்சியிலிருந்து மனைவி கமலாசனியோடு வந்து ஆறு வருஷமாகியிருந்தது. விருந்தினர் எப்போதாவதுதான் வருவார்கள். மிச்ச நாட்களில் அவர் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்து, கிடைக்கிற ஆங்கிலப் பத்திரிகையை விளம்பரம் விடாமல் வாசிப்பார். அவருடைய ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். அதைக் காட்ட அந்தக் கரையில் ஆளில்லை என்பது அவருக்கு ஒரு குறை.

அந்தக் குறை 1960இல் தீர்ந்தது. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத் துரைமார் சிலர் ஒரு தூண்டிற் சங்கம் வைத்திருந்தார்கள். மலை ஆறுகளில் ட்ரவுட் மீன் பிடிப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. புழுவோ இறாலோ கொளுவமாட்டார்கள். கோழி இறகைப் பூச்சிபோலக் கட்டிய தூண்டிலை நீளமான பிரம்பால் வீசிப் பிடிப்பார்கள். அவர்களில் ஹார்வி என்ற வயதான துரை ஒருமுறை முல்லைத்தீவுப் பக்கம் வந்தபோது, அதே இறகுத் தூண்டிலுக்குக் கொடுவா மீனும் வாய் வைக்கும் என்று கண்டுகொண்டார். அதன் பிறகு சங்கத்தார் வருஷத்தில் ஒரு தடவையாவது களப்புக்கு வந்தார்கள்.

வருவதற்குக் காலம் பார்க்க வேண்டும். மாரி வெள்ளத்தில் களப்பு மணல் தடையை உடைத்துக் கடலோடு சேரும் இடத்தைத் தொடுவாய் என்பார்கள். உடைத்த புதிதில் தண்ணீர் சேறாக ஓடும். மீனுக்கு இறகு தெரியாது. பங்குனி பிறந்தால் மணல் மறுபடி மூடத் தொடங்கிவிடும். இடையில், தண்ணீர் தெளிந்து கொடுவா தொடுவாயில் கூடும் நாட்கள் சிலதான். மலை ஆறும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் தெளியும். இரண்டு தண்ணீரில் எதற்குப் போவது என்று துரைமார் தீர்மானிக்க, களப்புக்கரையிலிருந்து யாராவது நிலவரம் எழுத வேண்டியிருந்தது. கனகலிங்கம் எழுதினார். மாரி தொடங்கினால் பத்து நாளுக்கு ஒரு தபாலட்டை. தண்ணீரின் நிறம், காற்று, தொடுவாயின் அகலம், எந்த மீன் எந்தப் பக்கம் என்றெல்லாம் இருக்கும். மூன்று மாரியில் ஒருமுறைகூட அது பிழையாய்ப் போகவில்லை. சங்கம் தன் அச்சுத்தாளில் அவற்றை அவர் பெயரோடு போட்டது. அந்தத் தாள்களை அவர் அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தார்.

அவற்றில் இருந்த ஒரு விஷயமும் அவருடையதல்ல. எல்லாம் புனிதமலர் சொன்னவை.

புனிதமலர் கரையோரக் குடியிருப்பில் இருந்தவள். நாற்பது வயது தாண்டியிருக்கும். புருஷன் கடலில் போய்ச் சேர்ந்து நெடுநாள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்து, கழுத்தில் தொங்கும் பறியில் போடுவாள். தினமும் காலையில் வாடிவீட்டுக் குசினியின் பின்வாசலுக்கு வந்து சமையற்காரன் அப்புத்துரையிடம் இறால் கொடுப்பாள். கனகலிங்கம் ஏதோ வேறு வேலையாய் வந்தவர்போல அங்கே வந்து நின்று, தண்ணீர் எப்படி என்று கேட்பார்.

"மேல்தண்ணி குளிருது, அடித்தண்ணி சூடாக் கிடக்கு ஐயா. ரெண்டும் இன்னும் சேரேல்லை. சேர்ந்தாப் பிறகுதான் கொடுவா உள்ளுக்கு வரும்" என்பாள். அவர் உள்ளே போய், இன்று அதிகாலை நான் களப்பில் இறங்கிப் பார்த்ததில் என்று தொடங்கி எழுதுவார். உண்மையில் அந்தக் களப்பில் அவர் கால் நனைத்ததே இல்லை. இரண்டாம் வருஷம் ஹார்வி துரை, நீங்கள் எந்த நிற இறகு பாவிக்கிறீர்கள் என்று கடிதத்தில் கேட்டார். வெள்ளை இறகு, போன கிழமை இரண்டு கொடுவா என்று கனகலிங்கம் பதில் எழுதினார். அந்த இரண்டையும் பிடித்தவன் புனிதமலரின் தம்பி அருளப்பு, அதுவும் வலையில். ஒரு வரிப் பொய்தானே என்று அப்போது நினைத்தார். பிறகு ஒவ்வொரு அட்டையிலும் ஒன்றிரண்டு மீன் பிடிக்க வேண்டியதாய்ப் போயிற்று.

1963ஆம் ஆண்டு தை மாதம் பிறந்தபோது ஹார்வி துரையின் கடிதம் வந்தது. பங்குனியோடு தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிவிடப் போகிறார். இதுதான் கடைசிப் பருவம். மலையில் அவருடைய ஆறு தெளிந்துகொண்டு வருகிறது. ஆனாலும் களப்பு சரியாய் இருந்தால் அதை விட்டுவிட்டு இங்கே வரத்தான் அவருக்கு விருப்பம். உங்கள் அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன், உடனே எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்.

அந்தக் கிழமை புனிதமலர் வரவில்லை. காய்ச்சலில் கிடக்கிறாள் என்று அப்புத்துரை சொன்னான். அவளுடைய குடிசை வாடிவீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். போய் வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கனகலிங்கம் இரண்டு தரம் செருப்பைப் போட்டார். கரையாட்களின் குடியிருப்புக்குள் வாடிவீட்டுக் காப்பாளர் போவதைக் கண்டால் சனம் என்ன நினைக்கும் என்று இரண்டு தரமும் கழற்றினார். அப்புத்துரையை அனுப்பிக் கேட்கலாமென்றால், நிலவரம் யாருடையது என்பது அவனுக்கு வெட்டவெளிச்சமாகிவிடும். அவனுக்கு அது எப்போதோ தெரியும் என்பது இவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை விறாந்தையில் நின்று பார்த்தார். வெயில் விழுந்து களப்பு நீலமாய்ப் பளபளத்தது. தெளிந்துவிட்டது என்றே பட்டது. தண்ணீர் தெளிவு, வாடைக்காற்று தணிந்துவிட்டது, தொடுவாயில் கொடுவா நிற்கிறது, நேற்று நானே மூன்று பிடித்தேன், தாமதிக்காமல் வாருங்கள் என்று எழுதித் தபாலில் சேர்த்தார்.

ஹார்வி துரையும் இரண்டு இளம் துரைமாரும் ஜீப்பில் வந்து சேர்ந்தார்கள். வவுனியாவில் தங்கி, ஒன்றரை நாள் பயணம். விறாந்தையிலேயே ஹார்வி ஒரு நீளத் துணிப்பையை அவர் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு தூண்டிற்பிரம்பு. பிடியில் வெள்ளி வளையம் போட்டு அதில் கனகலிங்கத்தின் பெயரை வெட்டியிருந்தது. சங்கத்தின் அன்பளிப்பு என்றார். மூன்று வருஷமாய் உங்கள் எழுத்தை நம்பித்தான் வந்தோம், நாளைக் காலை நீங்கள்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். கமலாசனி கதவடியில் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டாள். கனகலிங்கம் பிரம்பைப் பிரித்துப் பார்க்காமலே மூலையில் சாத்தினார்.

விடிந்ததும் வள்ளத்தில் தொடுவாய்க்குப் போனார்கள். கிட்டப் போகப் போகத் தண்ணீர் தன் நிறத்தைக் காட்டியது. ஒரு கிழமைக்கு முன்பே மேலே எங்கேயோ ஒரு குளம் உடைத்திருக்க வேண்டும். பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் சேறு சுழித்து ஓடியது. துடுப்பைத் தாழ்த்தினால் அதன் தட்டே தெரியவில்லை. இளம் துரைமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹார்வி அவரையும் கூட்டிக்கொண்டு மணல்திட்டில் இறங்கினார்.

"நீங்கள் போன கிழமைதான் மூன்று பிடித்திருக்கிறீர்கள். கலங்கல் தண்ணீரிலும் உங்களுக்கு வழி தெரிந்திருக்கும். வீசிக் காட்டுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, புதுப் பிரம்பைப் பூட்டி, நூலைக் கோத்து, வெள்ளை இறகைக் கட்டி அவர் கையில் கொடுத்தார்.

கனகலிங்கம் பிரம்பைப் பின்னுக்குக் கொண்டுபோய் முன்னுக்கு வீசினார். நூல் முன்னால் போகவில்லை. வளையம் வளையமாய் அவருடைய தோளில் விழுந்தது. கொழுக்கி முதுகுப் பக்கம் சட்டையில் ஏறி நின்றது. கழற்றக் கையைப் பின்னால் கொண்டுபோனார், எட்டவில்லை. பிரம்பை எங்கே வைப்பது என்றும் தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே சுற்றினார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஹார்வி பின்னால் வந்து, ஒரு சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோலச் சட்டையை நீவிப் பிடித்து, கொழுக்கியை மெல்ல எடுத்துவிட்டார்.

பிறகு கேட்டார். "அட்டையில் தெளிவு என்று எழுதினீர்களே?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு இடைவெளி இருந்தது. கனகலிங்கம் அதைப் பிற்காலத்தில் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தார். அப்போது அவர் கண்ணில் பட்டது வேறொன்று. தொடுவாயின் உள்பக்கம், நாற்பது பாகத் தூரத்துக்கு அப்பால், புனிதமலர் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்றாள். காய்ச்சல் விட்டு முதல் நாள் இறங்கியிருக்கிறாள் போலும்.

"அந்த மீன்காரப் பெண் சொன்னதை நம்பினேன். இந்தச் சனங்கள் வாயில் வந்ததைச் சொல்லும்" என்றார் ஆங்கிலத்தில்.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்ற துணிவில்தான் சொன்னார். துரைக்குத் தமிழ் தெரியும் என்பதை மறந்துபோனார். முப்பது வருஷம் தோட்டத்தில் இருந்தவர் அவர். ஹார்வி தண்ணீரோரமாய் நடந்துபோய் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, தண்ணி தெளிஞ்சிருக்குன்னு நீயா காப்பாளர் ஐயாவுக்குச் சொன்ன?"

புனிதமலர் நிமிர்ந்தாள். கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது. துரையைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் தோளில் நூலோடு நின்ற கனகலிங்கத்தைப் பார்த்தாள். கனகலிங்கம் முகத்தைத் திருப்பவில்லை. தலையை ஆட்டவும் இல்லை. நின்றார்.

"ஓம் துரை. நான்தான் சொன்னனான். எட்டு நாளாக் காய்ச்சலிலை கிடந்தனான், அதாலை பிழைச்சுப்போச்சு."

"காய்ச்சல்ல கெடந்தா எப்படிம்மா தண்ணியப் பாத்த?"

அவள் பறியின் கயிற்றைக் கழுத்தில் சரிசெய்தாள். பிறகு குனிந்து சேற்றைத் தடவத் தொடங்கினாள். ஹார்வி திரும்பி வந்தார். எல்லோரும் வள்ளத்தில் ஏறினார்கள்.

மத்தியானத்துக்கு முன்பே ஜீப் புறப்பட்டது. பிரம்பைத் திருப்பிக் கொடுக்கக் கனகலிங்கம் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர்தானே அதில் இருக்கிறது" என்றார் ஹார்வி. குரலில் கோபம் இல்லை.

வள்ளம் வலித்தவன் கண்டதைக் கரையில் சொன்னான். பொழுதுபடுமுன் குடியிருப்பு முழுக்க ஒரு கதை பரவியது. புனிதமலர் துரைமாருக்குப் பொய் சொல்லி, மலையிலிருந்து வந்த மனுசரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டாள் என்பது அந்தக் கதை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவள் குசினிப் பக்கம் வரவில்லை. அப்புத்துரை வேறொருத்தியிடம் இறால் வாங்கினான். கனகலிங்கத்துக்குச் சோறு போட்டுக்கொண்டு நின்ற கமலாசனி மெதுவாய்க் கேட்டாள். "இஞ்சரப்பா, அவள் காய்ச்சலிலை கிடக்கேக்கை நீங்கள் ஒருக்கால் போய்ப் பாத்தனீங்களோ?" அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தார்.

ஒரு நினைப்பு மட்டும் அவரைத் தாங்கிக்கொண்டு நின்றது. அவள் தன் மேலுள்ள மரியாதையில்தான் அப்படிச் சொன்னாள், மூன்று வருஷப் பழக்கத்தில் தன்னைக் காப்பாற்றினாள் என்று நினைத்தார். அதற்கு நன்றி சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கும் என்று பட்டது. நாலாம் நாள் பின்னேரம் முதல் தடவையாகக் குடியிருப்புக்குள் போனார். சனம் பார்த்தது. புனிதமலர் அவரைக் கண்டு பதைத்துப்போனாள். பக்கத்து வீட்டில் கதிரை இரவல் வாங்க ஓடினாள். அது வரும்வரை அவர் முற்றத்தில் நின்றார். கதிரை வந்தது. இருந்தார். அவள் வேலியடியில் நின்றாள்.

"ஏன் புனிதம் அப்பிடிச் சொன்னனி? நீ என்னைக் காப்பாத்திப்போட்டாய்."

அவள் அவரை விளங்காதவள்போலப் பார்த்தாள்.

"உங்களைக் காப்பாத்தவோ? இல்லை ஐயா. நான் இல்லையெண்டு சொன்னா நீங்கள் பொய்யெண்டு ஆகும். நாளைக்கு என்ரை இறாலைக் குசினிக்கை எடுக்க விடுவியளோ? இந்தக் கரையிலை நாள் தவறாமல் வாங்கிற இடம் வேறை எது இருக்கு? அதைத்தான் யோசிச்சனான்." கொஞ்சம் பொறுத்து, "அப்பிடிச் சொல்லியும், பொய்க்காரியெண்ட பேரோடை அங்கை வர ஏலாமல் போச்சுது" என்றாள்.

கனகலிங்கத்துக்குக் காது சுட்டது. அவர் நினைத்திருந்த மரியாதையும் பழக்கமும் அவளிடம் இருந்ததேயில்லை. இருந்தது பயம். அதையும் அங்கே வைத்தவர் அவரேதான். அடுத்த நாளிலிருந்து இறாலைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு எழும்பி வந்தார்.

அன்று சங்கத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். முதற் கடிதத்தில், தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த ஒரு தவறான விளக்கம் என்று எழுதினார். வாசித்துப் பார்க்க நன்றாயிருந்தது. மடித்து வைத்துவிட்டு மனைவியிடம் எழுதியாயிற்று என்றார். கமலாசனிக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன எழுதினீர்கள் என்று தமிழில் சொல்லச் சொன்னாள். அவர் தொடங்கினார். ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு போன வசனம் தமிழில் நடுவழியில் நின்றுவிட்டது. யார் தகவல், யார் பரிமாறியது, யாருக்கு விளங்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குத் தெரிந்தது. கிழித்துப் போட்டார்.

இரண்டாம் கடிதத்தையும் கிழித்தார். மூன்றாவதைத் தமிழில் வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினார். மூன்று வருஷ நிலவரமும் புனிதமலர் என்ற பெண் சொன்னவை. பிழையாய்ப் போன ஒன்றே ஒன்றுதான் நானாக எழுதியது. அவள் காய்ச்சலில் கிடந்தபோது விறாந்தையில் நின்று பார்த்து எழுதினேன். நான் வாழ்நாளில் ஒரு மீனும் பிடித்ததில்லை. தொடுவாயில் அவள்மேல் பழியைப் போட்டதும் நானே. இவ்வளவுதான் கடிதம். அதையும் ஐந்து நாள் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார். ஒவ்வொரு காலையும் அவள் குசினிக்கு வருவதும், இறாலைக் கொட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போவதும் கேட்கும். ஆறாம் நாள் தானே நடந்துபோய்த் தபாலில் போட்டார். பிரம்பையும் பொதி செய்து அனுப்பினார்.

மாசிக் கடைசியில் ஒரு உறை வந்தது. புனிதமலர் அம்மா, வாடிவீட்டுக் காப்பாளர் மூலம் என்று விலாசம். கடிதம் தமிழில், தோட்டத்துக் கிளாக்கரின் வட்டக் கையெழுத்தில், அடியில் ஹார்வியின் ஒப்பம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்ட வேண்டியவர் கனகலிங்கம்.

காலையில் இறால் கொண்டுவந்தவளைக் கமலாசனி உள்ளே கூப்பிட்டாள். உடுப்பெல்லாம் ஈரம் என்று அவள் விறாந்தைப் படியடியிலேயே நின்றாள். அப்புத்துரையும் அடுப்பை விட்டு வந்து நின்றான். கனகலிங்கம் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

நாங்கள் நம்பிய நிலவரம் உங்களுடையது என்று காப்பாளர் எழுதித்தான் தெரிந்தது, போன வருஷம் மாசியில் தொடுவாயின் வடக்குப் பக்கம் மீன் நிற்கும் என்று வந்த அட்டையைப் பார்த்து என் வாழ்நாளில் பெரிய மீனைப் பிடித்தேன், அதற்கு உங்களுக்கு நன்றி என்று கடிதம் தொடங்கியது. பிறகு இப்படி இருந்தது: "அன்று தண்ணீரில் வைத்து உங்களிடம் கேட்ட கேள்விக்காக நான் வெட்கப்படுகிறேன். நடந்தது என்னவென்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டு, அவரை உங்கள் வாயால் அகப்படுத்த நினைத்தேன். காய்ச்சலால் எழும்பிய உங்களை அதற்காக நிறுத்தி வைத்தேன்."

அடுத்த வரியில் கனகலிங்கத்தின் கண் நின்றது. அதைத் தாண்டி, நான் அடுத்த மாதம் கப்பலேறுகிறேன் என்ற இடத்துக்குப் போனார். வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்தார். ஒருவரும் அவரைச் சந்தேகமாய்ப் பார்க்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது. மறுபடி விரித்தார்.

"ஒரு வரி விட்டுப்போட்டன்" என்றார். "காப்பாளரின் கடிதத்தைச் சங்கத்தில் எல்லோர் முன்னும் வாசித்தோம். அவரைப் பற்றி அங்கே ஒருவரும் நல்லதாய்ப் பேசவில்லை. நானும் பேசவில்லை."

கமலாசனி நிலத்தைப் பார்த்தாள். புனிதமலர் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

"அந்த மீன், எவ்வளவு பெரிசெண்டு எழுதியிருக்கோ?" என்று கேட்டாள். எழுதவில்லை என்றார் அவர். அவள் தலையை ஆட்டினாள். பிறகு, தொடுவாய் இந்தக் கிழமை மூடத் தொடங்கிவிடும், மிச்சத் துரைமார் இந்த வருஷம் வந்து பிரயோசனமில்லை, அதை அறிவித்துவிடுவது நல்லது என்றாள்.

"எழுதிறன். உங்கடை பேரிலை எழுதிறன்" என்றார். அவளை அப்படி மரியாதையாய் அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "என்ரை பேர் வேண்டாம் ஐயா. உங்கடை பேரையே போடுங்கோ. பிழைச்சா ஆரைக் கேக்கிறதெண்டு அவைக்குத் தெரிய வேணும்."

சொல்லிவிட்டு வெறும் பறியை எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பேச்சில் கோபமோ குத்தலோ இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. கனகலிங்கம் அன்றே அட்டை எழுதினார். தொடுவாய் மூடுகிறது, வர வேண்டாம், புனிதமலர் பார்த்துச் சொன்னது, பிழையிருந்தால் பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையொப்பமிட்டார். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த மாரியில் சங்கத்திலிருந்து நிலவரம் கேட்டு ஒருவரும் எழுதவுமில்லை.

புனிதமலர் முன்போலவே காலையில் குசினிக்கு வந்தாள். அப்புத்துரையோடு கதைப்பாள், கமலாசனி கேட்டால் பதில் சொல்வாள். கனகலிங்கத்துக்கு மட்டும் அவளுடைய குரல் கேட்டால் விறாந்தையில் இருக்க முடியாது. ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். வைகாசியில் ஒரு நாள் போகாமல் இருந்து பார்த்தார். அவள் பறியைத் தூக்கிக்கொண்டு முன்முற்றத்தால் போகையில் அவரைக் கண்டு, "என்ன ஐயா, சுகமோ?" என்று கேட்டாள். சுகம் என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குள் அவள் படலையைத் தாண்டிப் போயிருந்தாள்.